நாலாவது மாடி பால்கனியில் பொடி ஈக்கள்: ஒயின் கிளாஸில் தொடங்கிய ஒரு புகாரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வீடுகள் இருபத்துச் சொச்சம். பின்பக்கம் மதிலோரமாக, சமையலறைக் கழிவை உரமாக்கும் தொட்டிகள் இருக்கின்றன. திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயப்படுத்துகிற அளவுக்குப் பெரிய வளாகம் இல்லை. குடியிருப்பவர்களே விரும்பித் தொடங்கியது. தொட்டிகளை அமைத்துக் கொடுத்ததும், அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவதும் என் வேலை. இந்த ஒயின் புகாருக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

நாலாவது மாடியில் கிழக்குப் பார்த்த வீடு. ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள். பெரியவருக்கு வாரத்தில் நாலைந்து நாள், மாலை ஆறு மணி சுமாருக்கு பால்கனியில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் குடிக்கிற வழக்கம். நாசிக் ஒயின், வாய் அகன்ற கண்ணாடிக் கிளாஸ். எட்டு மணிக்குச் சாப்பாடு. இது பல வருடப் பழக்கம், வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

புகார்

அக்டோபர் மாதம். மழை இன்னும் பிடிக்கவில்லை, புழுக்கம் மட்டும் இருந்தது. ஒயினை ஊற்றி வைத்த சில நிமிடங்களிலேயே பொடிப் பொடியாக ஈக்கள் கிளாஸைச் சுற்றத் தொடங்கின. விளிம்பில் உட்காரும், உள்ளே இறங்கும், ஒன்றிரண்டு விழுந்து மிதக்கும். பெரியவர் ஸ்பூனால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்துப் பார்த்தார். ருசி மாறிவிட்டது என்று கொட்டினார். "ஒரு பொடி ஈ விழுந்ததுக்கு ருசி மாறுமா? எல்லாம் மனசுதான்" என்றார் மனைவி. இந்த வாக்குவாதத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டார் முதலில் எடுத்தது கொசு பேட். அது இந்த அளவு ஈக்குச் சரிப்படாது. பாதி ஈக்கள் கம்பி இடைவெளியில் நழுவிவிடும். பட்டதும் பொரிந்து கிளாஸுக்குள்ளேயே விழும். சாம்பிராணிப் புகை போட்டால் புகை இருக்கும்வரை ஈ இல்லை, ஆனால் ஒயினின் மணமும் இல்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கிராம்பு குத்தி வைத்தார்கள். ஈக்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மகன் தோட்டப் பொருட்கள் விற்கும் கடையில் "பழ ஈ பொறி" என்று கேட்டு ஒரு மஞ்சள் டப்பா வாங்கி வந்து மாட்டினார். அது மாந்தோப்புக்காரர்களும் கொய்யா போடுகிறவர்களும் வைக்கிற பொறி. உள்ளே இருக்கும் மெத்தில் யூஜினால், மாம்பழத்துக்குள் முட்டையிடுகிற பெரிய வகை ஈயின் ஆண்களை மட்டும் இழுக்கும். வீட்டுக்குள் சுற்றுகிற இந்தச் சின்ன ஈ முற்றிலும் வேறு குடும்பம். பொறி காலியாகவே தொங்கியது.

அடுத்து பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்து பால்கனி, படிக்கட்டு, தாழ்வாரம் எல்லாம் மருந்தடித்தார். இரண்டு மூன்று நாள் நிம்மதி. அப்புறம் பழையபடி.

அதற்குப் பிறகுதான் சந்தேகம் கீழே இருக்கும் உரத்தொட்டிகள் மேல் திரும்பியது. குப்பையைக் கட்டடத்துக்குள் வைத்தால் ஈ வராமல் என்ன வரும் என்று சங்கத்தின் குழுவில் ஒருவர் கேட்க, ஏற்கெனவே தொட்டி பிடிக்காதவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தொட்டிகளை எடுத்துவிடலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவதாக முடிவானது. செயலாளர் எனக்குப் போன் செய்து, "சார், கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லிடுங்க" என்றார்.

ஈயை முதலில் பார்ப்பது

போனதும் தொட்டிப் பக்கம் போகவில்லை. பெரியவரிடம் முந்தைய நாள் கிளாஸில் விழுந்த ஈக்களைக் கேட்டேன். கொட்டியாயிற்று என்றார். அன்று மாலை விழுந்ததை வெள்ளைக் காகிதத்தில் எடுத்து வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தோம்.

சென்னை வீட்டுக்குள் "சின்ன ஈ" என்று ஒரே பெயரில் திட்டு வாங்குகிறவை குறைந்தது நாலு வகை. குளியலறைச் சுவரில் இறகை விரித்து அப்பிக்கொண்டிருப்பது, உடம்பெல்லாம் ரோமத்தோடு சின்ன அந்துப்பூச்சி போலத் தெரிவது, கழிவுநீர்க் குழாயின் வழவழப்பில் வளர்வது. பூந்தொட்டி மண்ணில் வளர்வது கறுப்பாக, கால் நீண்டு, கொசுவைப் போல இருக்கும். கூன் முதுகோடு, பறப்பதைவிடத் தடதடவென்று ஓடுவது மூன்றாவது. அடைத்துக்கொண்ட சாக்கடைப் பக்கமும் அழுகிய பொருளிலும் வரும். நாலாவது, இரண்டரை மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், தேன் நிற உடம்பும் செங்கல் சிவப்புக் கண்ணுமாக இருப்பது. டிரோசோஃபிலா. உயிரியல் ஆய்வுக்கூடங்களில் நூறு வருடத்துக்கு மேலாக வளர்க்கப்படுவது இதன் ஒரு இனம்தான்.

காகிதத்தில் கிடந்தவற்றில் ஒன்றிரண்டு கறுப்புக் கால் நீண்டவை. மற்ற எல்லாம் சிவப்புக் கண். ஆக, ஒயினைத் தேடி வருவது டிரோசோஃபிலா. பூந்தொட்டி ஈ தவறி விழுவது. குளியலறை ஈ ஒன்றுகூட இல்லை. சாக்கடை ஜாலிகளை இந்த விஷயத்தில் ஓரளவுக்கு விட்டுவிடலாம் என்று இங்கேயே தெரிந்தது. இருந்தாலும் இரவில் ஜாலிகள் மேல், ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி செலோடேப்பைக் காற்றுப் போக இடம் விட்டு ஒட்டிவைத்தோம். காலையில் ஒட்டியிருந்தது ரோமக்கார ஈ மட்டும்.

டிரோசோஃபிலாவுக்கு ஒயின் ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்றால், அதற்கு வேண்டியது பழமே இல்லை. பழம் புளிக்கும்போது வளரும் ஈஸ்ட். புழுவின் முக்கியச் சாப்பாடு அது. ஈஸ்ட் இருக்கிற இடத்தில் ஆல்கஹால், அசிட்டிக் அமிலம், எத்தில் அசிட்டேட் போன்ற மணங்கள் எழும். ஒயின் கிளாஸிலிருந்து எழுவதும் ஏறக்குறைய அதே கலவை. அகன்ற வாய்க் கிளாஸ் மனிதனின் மூக்குக்காகச் செய்தது, ஈக்கும் அதே வசதி. முப்பது டிகிரி பால்கனியில் ஒயின் சூடாகச் சூடாக மணம் இன்னும் அதிகமாக எழும்.

நேரமும் பொருந்தியது. இந்த ஈ காலையில் ஒரு முறையும், பொழுது சாயும்போது ஒரு முறையும் சுறுசுறுப்பாகும்; நடுப்பகலில் அடங்கியிருக்கும். உடலுக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தை இதே ஈயில் ஆராய்ந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அக்டோபரில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பெரியவர் கிளாஸை எடுப்பதும் ஈ கிளம்புவதும் ஒரே நேரம். "எட்டு மணிக்கு மேல் உட்கார முடியுமா?" என்று கேட்டேன். "அப்ப சாப்பாடு சார்" என்றார். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ருசி மாறியதா?

பெரியவர் சொன்னது கற்பனை இல்லை. ஸ்வீடன் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைப் பற்றியதுதான். இந்த இனத்தில் பெண் ஈ ஒரு வாசனைப் பொருளை வெளியிடுகிறது, ஆண் வெளியிடுவதில்லை. அந்தப் பொருள் ஒரு கிளாஸ் ஒயினில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே, ஒயின் சுவைத்துப் பழகியவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஈயை எடுத்துப் போட்டாலும் வாடை ஒயினிலேயே தங்கும். ஆண் ஈ விழுந்தால் அந்த வாடை வராது என்பதால், சில நாள் கெட்டும் சில நாள் கெடாமலும் இருந்தது என்று அவர் சொன்னதும் விளங்கியது. இதைக் கேட்டதும் அவர் மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி, சரி" என்றார் அந்த அம்மா.

ஒரு ஈ விழுந்த ஒயினைக் குடித்ததால் உடம்புக்கு எதுவும் வரப்போவதில்லை, பெரும்பாலும். ஆனால் ஈயின் காலிலும் வயிற்றிலும் அசிட்டிக் அமில பாக்டீரியா இருக்கும். திறந்து வைத்த பாட்டிலுக்குள் விழுந்தால், நாளடைவில் அந்த ஒயின் வினிகராகப் போக அது ஒரு வழி.

எங்கிருந்து வருகிறது

கிளாஸில் விழுவது வளர்ந்த ஈ. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வேறெங்கோ இருக்கின்றன. 25 டிகிரியில் முட்டை ஈயாக மாறச் சுமார் 10 நாள். ஒரு பெண் ஈ வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். மருந்தடித்தது பறந்துகொண்டிருந்தவற்றைக் கொன்றது. ஈரத்துக்குள் இருந்தவை தங்கள் முறை வந்ததும் வெளியே வந்தன. இரண்டு மூன்று நாள் நிம்மதிக்கு அதுதான் காரணம்.

இடத்தைக் கண்டுபிடிக்க, ஒரே மாதிரி டம்ளர்களைப் பல இடங்களில் ஒரே இரவில் வைத்தோம். உரத்தொட்டிப் பக்கம், ஒவ்வொரு மாடித் தாழ்வாரம், அந்த வீட்டின் சமையலறை, குளியலறை, முன் பால்கனி, துணி காயப்போடும் பின் பால்கனி. டம்ளருக்குள் இரண்டு விரல் உயரம் மிச்ச ஒயின், நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு. சோப்பு கலந்தால் திரவத்தின் மேற்பரப்பு ஈயைத் தாங்காது, உட்கார்ந்ததும் மூழ்கிவிடும். முதலில் மளிகைக் கடை வெள்ளை வினிகரை வைத்துத்தான் பார்த்தார்களாம். அதில் ஏறக்குறைய ஒன்றும் விழவில்லை. மலிவான செயற்கை வினிகரில் இருப்பது தண்ணீரும் அசிட்டிக் அமிலமும் மட்டும். புளித்த பொருளின் மற்ற மணங்கள் இல்லாததால் ஈக்கு அது அரைகுறை அழைப்பு.

காலையில் உரத்தொட்டி டம்ளரில் ஈ இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிவிடலாம். இரண்டாவது, மூன்றாவது மாடித் தாழ்வாரங்களில் அதைவிடக் குறைவு. கீழேயிருந்து மேலே ஏறி வருகிறது என்றால் வழியிலும் கூட்டம் தெரிய வேண்டும். நாலாவது மாடி வீட்டின் பின் பால்கனி டம்ளரில் வாழைப்பழத் துண்டே தெரியவில்லை. மேலே அடை போல ஈ படர்ந்திருந்தது.

பின் பால்கனியில் இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, காலி பாட்டில் மூட்டை. பழைய பேப்பர்காரர் வரும்வரை ஒரு சாக்கில் சேர்த்து வைப்பார்கள். கழுவுவதில்லை. ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் ஒரு மடக்கு தங்கிப் புளித்துக் கிடந்தது.

இன்னொன்று மருமகளுடைய பயோ என்சைம். சாத்துக்குடி, எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்து மூன்று மாதம் புளிக்கவிட்டு, தரை துடைக்கப் பயன்படுத்துவது. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்பது பலரும் பின்பற்றும் அளவு. கடையில் வாங்கும் ஃபினாயிலைவிட நல்லது என்று நம்பி அக்கறையாகச் செய்து வந்தார், ஜூலையில் தொடங்கியது. முதல் மாதம் வாயு அதிகமாக வரும், இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கும் என்பதால், மூடியை எடுத்துவிட்டுப் பழைய வேட்டித் துணியை வாயில் கட்டியிருந்தார்.

துணியை அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தோம். நுரை ஏறி ஏறி வெல்லத் தண்ணீர் துணியில் ஊறியிருந்தது. உள்பக்கம் மயிரிழைப் பருமனில் வெள்ளைப் புழுக்கள். பாட்டில் கழுத்தின் மேடான இடத்தில், ஈரத்துக்குச் சற்று மேலே, சீரகம் போல அரக்கு நிறக் கூட்டுப்புழுக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. லென்ஸில் ஒவ்வொன்றின் தலைப்பக்கமும் இரண்டு சின்னக் கொம்பு தெரிந்தது. மூச்சு விடும் உறுப்பு அது. சில கூடுகள் காலி. ஈ துணியைத் தாண்டி உள்ளே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊறிய துணியிலேயே முட்டையிட்டது, புழு தானாக உள்ளே இறங்கிக்கொண்டது.

அந்த வீட்டில் வேலை செய்யும் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் துணியைத் தொட்டாலே புகை மாதிரி கிளம்பும் சார். நான் எப்பவோ பார்த்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று மருமகள் கேட்டார். "ஈ எங்கேர்ந்து வருதுன்னு என்னை யாரும் கேட்கலையேம்மா."

ஜூலையிலிருந்து இருந்தால் அக்டோபரில் மட்டும் ஏன் தெரிந்தது? கடற்காற்று. கிழக்குப் பார்த்த முன் பால்கனியில் அதற்கு முந்தைய மாதங்களில் மாலைக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஈ பலவீனமாகப் பறப்பது. காற்றில் கிளாஸ் விளிம்பில் நிற்க முடியாது, மணத்தின் தடமும் கலைந்துவிடும். பருவக்காற்று மாறுகிற அக்டோபரில் காற்று அடங்கிய மாலைகள் வந்ததும், வீட்டுக்குள்ளேயே இருந்த ஈ கிளாஸைக் கண்டுபிடித்துவிட்டது. காற்று இருந்த ஓரிரு நாட்களில் தொல்லை இல்லை என்று பெரியவரே நினைவுபடுத்திச் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, மருந்து இனி வேண்டாம். சாப்பிடுகிற, குடிக்கிற இடத்தில் தெளிக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். வளர்கிற இடம் கைக்குத் தெரிந்த பிறகு தேவையும் இல்லை.

துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பிறகு தூக்கிப் போட்டோம். பாட்டில் கழுத்துகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்தோம். வெறும் தண்ணீர் ஊற்றினால் கூட்டுப்புழு போகாது, பசை போட்டது போல ஒட்டியிருக்கும். காலி பாட்டில்கள் அன்றே கழுவப்பட்டு வெளியேறின.

பயோ என்சைமை நிறுத்திவிடலாம் என்றார் மகன். மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவரே குறுக்கிட்டு, "அவ நல்லதுக்குத்தான செய்யறா. மூடி போட வழி இருந்தா பாருங்க" என்றார். வழி இருந்தது. இறுக்கமான மூடியில் துளை போட்டு, மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, துளையைச் சுற்றி எம்-சீல் வைத்து, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்கவிடுவது. வாயு குமிழாக வெளியே போகும், ஈ உள்ளே வராது, மணமும் பெருமளவு அடங்கும். மகன் கொளத்தூர்ப் பக்கம் போனபோது வண்ண மீன் கடையில் குழாயை வாங்கி வந்தார். எந்த மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும். பாட்டிலில் மேல் கால்பாகம் காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் நுரை குழாயில் ஏறி அடைத்துவிடும்.

மிச்சமிருக்கும் ஈக்களுக்குப் பொறி. வளர்ந்த ஈ வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால் ஊற்றை அடைத்த அன்றே நின்றுவிடாது. பொறியைப் பின் பால்கனியிலேயே வைக்கச் சொன்னேன். பலரும் கிளாஸுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்; அது வீட்டிலிருக்கும் அத்தனை ஈயையும் மேசைக்கு வரவழைக்கிற வேலை. திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும், விட்டுவிட்டால் பொறியே பண்ணையாகிவிடும்.

அன்றன்று மாலைக்கு இரண்டு ஏற்பாடு. ஒரு சின்ன டேபிள் ஃபேன், மேசை உயரத்தில், கிளாஸுக்குக் குறுக்கே காற்று போகிற மாதிரி. சீலிங் ஃபேன் இருந்தாலும் பால்கனி ஓரத்து மேசைக்கு அதன் காற்று எட்டவில்லை. பெரியவர் முகத்தில் அடிக்கிறது என்றதால் பக்கவாட்டில் தள்ளி வைத்தார்கள். இரண்டாவது, மூடி. கிளாஸ் மூடி என்று தனியாக விற்கிறார்கள்; அவர் மனைவி சமையலறையிலிருந்து சின்ன எவர்சில்வர் டபராவை எடுத்து வந்து கிளாஸ் மேல் கவிழ்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "காபிக்கும் இதுதான், உங்க ஒயினுக்கும் இதுதான்" என்றார்.

ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வது, பாட்டிலை உடனே மூடி ஃபிரிட்ஜில் வைப்பது, வாயில் வழிந்த துளியைத் துடைப்பது: இதெல்லாம் சொல்லாமலே செய்யத் தொடங்கிவிட்டார். பூந்தொட்டி ஈக்கு, துளசிக்கும் மணி பிளான்டுக்கும் மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடச் சொன்னதோடு சரி.

உரத்தொட்டியைக் குற்றமற்றது என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. தொட்டியில் பழத்தோல் மூடாமல் கிடந்த இடங்களில் டிரோசோஃபிலா இருந்தது. கூட்டத்தில் பலர் படம் எடுத்துக் காட்டிய பெரிய பழுப்புப் புழுக்கள் கறுப்பு சோல்ஜர் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. வளர்ந்த பிறகு அந்த ஈ சாப்பாட்டு மேசைக்கு வந்து மொய்ப்பதில்லை. பழத்தோல் போட்டதும் காய்ந்த இலையோ தென்னை நார்க் கழிவோ நாலு விரல் தடிமனுக்கு மேலே போட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கிற விதி. இலை மூட்டை தொட்டிக்குத் தூரத்தில் இருந்ததால் யாரும் போடவில்லை. மூட்டையைத் தொட்டி மேலேயே மாட்டச் சொன்னேன்.

அடுத்து நடந்தது

ஃபேன் வைத்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. இது ஈயைக் குறைக்கவில்லை, கிளாஸை ஈயிடமிருந்து பிரித்தது, அவ்வளவுதான். மின்சாரம் போன ஒரு மாலையில் திரும்ப வந்து சுற்றின. பொறியில் முதல் சில நாள் ஏராளமாக விழுந்தது. ஒரு வாரம் கழித்து விரல்விட்டு எண்ணும் அளவு. மூன்றாவது வாரம் பெரியவர் மூடியில்லாமலே குடித்துப் பார்த்தார், எதுவும் வரவில்லை.

தீபாவளிக்குப் பிறகு மறுபடி கொஞ்சம் வந்தது. பயோ என்சைம் பாட்டில்களைத்தான் எல்லோரும் முதலில் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தன. வேலை செய்யும் அக்கா வெங்காயக் கூடையைக் கவிழ்த்தார். அடியில் ஒரு வெங்காயம் தண்ணீராகியிருந்தது. எடுத்துப் போட்டதோடு முடிந்தது.

சங்கக் கூட்டத்தில் தொட்டிகள் நீடிக்கட்டும் என்று முடிவானது, இலை போடும் பொறுப்பைக் காவலாளி அண்ணனுக்குக் கொடுத்து, அதற்குத் தனியாக ஒரு தொகை சேர்த்து. எதிர்த்தவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வாசனை பற்றிய புகார் இன்னும் இருக்கிறது, அது வேறு விவகாரம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்தக் குடியிருப்பில் இப்போது ஈ என்று புகார் வந்தால், மருந்துக்குப் போன் போடும் முன் நாலு ஈயைக் காகிதத்தில் பிடித்து வைக்க வேண்டும் என்று செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார். மருந்துக்கும் மஞ்சள் டப்பாவுக்கும் செலவான பணம், எந்த ஈ என்று பார்க்காததால் போனது. ஃபோன் கேமராவைப் பெரிதாக்கினாலே சிவப்புக் கண் தெரியும்.

டம்ளர் வைத்துப் பார்ப்பதைப் புகார் வந்த முதல் வாரமே செய்திருக்கலாம். ஒரு இரவு, ஒரு வாழைப்பழம், மிச்ச ஒயின். இதற்கு வெளியாள் தேவையில்லை.

வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவரிடம் முதலில் கேட்பது என் பட்டியலில் இப்போது மேலே போயிருக்கிறது. மூட்டையையும் பாட்டிலையும் தினமும் நகர்த்துகிறவர் அவர்தான்.

மாம்பழக் காலத்தை இந்த ஏற்பாடு இன்னும் பார்க்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வீட்டில் எப்போதும் பழம் பழுத்துக் கிடக்கும். தோலிலேயே முட்டை ஒட்டிக்கொண்டு வரும். பழத்தை வாங்கி வந்ததும் கழுவித் துடைப்பது, வெடித்ததை அன்றே சாப்பிடுவது, தோலையும் கொட்டையையும் இரவு வீட்டில் தங்க விடாமல் கீழே தொட்டிக்கு அனுப்பி இலை போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். டேபிள் ஃபேன் அதுவரை பால்கனியிலேயே இருக்கும்.

மூன்றாவது மாடியில் இன்னொரு வீட்டிலும் பயோ என்சைம் தொடங்கியிருக்கிறார்கள். குழாய்க்கும் எம்-சீலுக்கும் மருமகளிடம்தான் வந்து கேட்டிருக்கிறார்கள்.